குகை மணலும் ஒரு பூட்டும்

— கைப்பிடி எங்கை, யுவன்?

— வெளிய மேசை மேல இருக்கு, மேடம்.

— வெளியிலையோ! பூட்டிப்போட்டு வாங்கோ எண்டெல்லோ சொன்னனான்?

— பூட்டினேனே! கதவை நல்லா இழுத்தேன். டக்குனு சத்தம்கூட கேட்டுச்சு.

— ஐயோ! கழண்டு கிடந்த கைப்பிடியைப் பூட்டச் சொன்னனான், கதவை இல்லை. பூட்டுறதெண்டால் பொருத்துறது!

— எங்க ஊர்ல பூட்டுன்னா திண்டுக்கல் பூட்டுதான், மேடம்.

— மேடம் எண்டாதேங்கோ, இது ஒஸ்லோ. ஆரபி எண்டு கூப்பிடுங்கோ. கைப்பிடி இல்லாமல் உள்ளுக்கிருந்து திறக்கேலாது.

— ஃபோன் பண்ணலாமே?

— திரை வெளிச்சம் ஆகாதெண்டு ரெண்டு ஃபோனையும் வெளியிலை வைச்சிட்டெல்லோ வந்தனாங்கள். உங்கடை கோப்பிப் பிளாஸ்க் மட்டும் உள்ளுக்கை வந்திட்டுது! இருட்டறைக்கை கோப்பி கொண்டரக் கூடாதெண்டு எத்தினை தரம் சொல்லுறது?

— நாம தட்டுல கொட்டி வச்ச மணல்?

— அதுதான் எனக்கும் பயம். நாலு மணிக்கு கட்டடப் பராமரிப்புக்காரி, வக்ட்மெஸ்டர் லீசா கட்டடத்தைச் சுத்திப் பாக்க வருவா. அவ திறந்தால், தானா எரியிற வெளி லைற் நேரா மணலிலை விழும்.

— என் சட்டையைப் போட்டு மூடுறேன்.

— துணிக்குள்ளாலை வெளிச்சம் போகும். கறுப்புப் பெட்டியும் வெளியிலை. இந்தச் சிவப்பு பல்ப் மட்டும்தான் மணலுக்கு ஒண்டும் செய்யாது.

— பாலைவனக் குகையில, அடுப்புச் சாம்பலுக்கு அடியில, நானே குழாயை அடிச்சு எடுத்த மணல் மேடம் இது. கடைசியா வெயில் பட்ட நாள்லேர்ந்து அதோட வயசு. வெளிச்சம் பட்டா வயசே அழிஞ்சிடும்.

— வேறை குழாய் இல்லையோ?

— இல்ல. குகை வாசல் இடிஞ்சு மூடிடுச்சு. அங்க மனுஷங்க எப்போ தங்கினாங்கன்னு சொல்ல இது ஒண்ணுதான் இருக்கு. இது போனா இந்த மாசத்தோட என் வேலையும் போகும், விசாவும் போகும். பொண்ணு அக்ஷயா இப்பத்தான் வெஸ்ட்லில ஸ்கூல் சேர்ந்தா... ஏன் பேச மாட்டேங்கிறீங்க?

— மூச்சு... இழுக்குது. ஆஸ்துமா. பம்ப்... ஜாக்கெட்டுக்கை.

— ஜாக்கெட் எங்க?

— வெளியிலை.

— இந்தாங்க, காப்பி. சூடா இருக்கு, நெஞ்சுக்கு இதமா இருக்கும்.

— காணும்.

— என்ன காணும்?

— போதும் எண்டுறன்!

— ஒரு சொட்டுகூட வைக்காதீங்க, முழுசா குடிங்க. ஆச்சா? கண்ணை மூடிக் குனிஞ்சு உட்காருங்க. மூச்சை மெதுவா விடுங்க.

— ஹாலோ? ஆரபி?

— லீசாதான்! முதல்லை... வெளி லைற்றை நிப்பாட்டச் சொல்லுங்கோ.

— அது தானா எரியற லைட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க?

— எலெக்ட்ரீசியன் வரட்டும். ஒரு மணித்தியாலம்... தாங்குவன்.

— ஒரு வார்த்தை முழுசா வரல, ஒரு மணி நேரமாம். லுக் ஓப், லீசா! லுக் ஓப்!

— விசரோ உங்களுக்கு? திறக்கவோ சொல்லுறியள்... மணல்!

— திறந்தாச்சு. இந்தாங்க பம்ப். நல்லா இழுங்க. இன்னொரு தடவை.

— யுவன்... எத்தினை ஆயிரம் வருசம் இருட்டுக்கை கிடந்த மணல்! என்னாலையெல்லோ...

— முதல்ல மூச்சு விடுங்க.

— அக்ஷயாவுக்கு என்னெண்டு சொல்லப் போறியள்? நான்... பொறுங்கோ. தட்டு வெறுமையாக் கிடக்கு! மணல் எங்கை?

— பிளாஸ்க்ல. சட்டையால நல்லா துடைச்சு, உள்ள கொட்டி, மூடியைப் பூட்டிட்டேன், ஆரபி. உங்க ஊர் பூட்டு.