கை கழுவப் போனவள்

இரவு எட்டரை மணி இருக்கும். மலையிலிருந்து இறங்குகிற சாலை. மழை விட்டுவிட்டது, மரங்கள் மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. எதிரே ஒரு வண்டி இல்லை... பின்னாலும் இல்லை.

"இட்டுக்கட்டின கதை இல்ல. என்கூட வேலை பார்த்தவனோட அண்ணனுக்கு நடந்தது" என்றார் சித்தப்பா.

அவர் இதைச் சொன்ன அன்று எங்கள் வீட்டில் கரண்ட் போயிருந்தது. வீட்டில் ஒரு சாவு நடந்து சில நாட்களே ஆகியிருந்ததால் யாருக்கும் தனியறையில் படுக்க மனம் வரவில்லை. கூடத்தில் ஒரு மெழுகுவர்த்தியைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம்.

"பேய்க் கதையா? இந்த வீட்லயா? உங்களுக்கு நேரங்காலமே கிடையாதா?" என்றாள் அத்தை.

"பயமா இருந்தா காதைப் பொத்திக்க. எழுந்து மட்டும் போயிடாத. உள்ள ஒரே இருட்டு."

அத்தை எழுந்து போகவில்லை. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.

அந்த அண்ணன் ஒரு லிஃப்ட் மெக்கானிக். மலை மேல் ஓர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது என்று கூப்பிட்டிருந்தார்கள். வேலை முடிய இருட்டிவிட்டது. வீட்டில் ஆறு வயது மகள் காத்திருந்தாள். "நீ தூங்கறதுக்குள்ள வந்துடுவேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். அவளைப் பார்த்துக்கொள்ள மச்சினி வந்து தங்கியிருந்தாள். ஏனென்றால், மனைவி காய்ச்சலில் போய் அரை வருடம் ஆகியிருந்தது.

துக்கத்தைக்கூட அவரால் தாங்க முடிந்தது. அதை வெளியில் சொல்வதுதான் முடியவில்லை. சொன்னதும் எதிரே இருப்பவர் முகம் மாறும். கையைப் பிடித்துக்கொள்வார். கண் கலங்குவார். கடைசியில் இவர்தான் அவரைத் தேற்ற வேண்டியிருக்கும். அதனால் தெரியாதவர்களிடம் பொய் சொல்லப் பழகியிருந்தார். முடி வெட்டுகிறவரிடம், "அவ அம்மா வீட்டுக்குப் போயிருக்கா." பெட்ரோல் போடுகிறவனிடம், "வீட்ல எல்லாரும் சௌக்கியம்." அந்தப் பொய் நீடிக்கும் இரண்டு நிமிடம் அவள் எங்கோ உயிரோடு இருப்பாள். அதில் ஒரு சுகம். ஆனால் அவள் பெயரை மட்டும் அவர் வாயால் சொல்லவில்லை. செத்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாருமே சொல்லவில்லை.

வளைவு ஒன்றில் வெளிச்சம் தெரிந்தது. ஒரு ஹோட்டல். மாடியில் தங்கும் அறைகள், கீழே சாப்பாட்டுக் கூடம். மதியமும் அவர் சாப்பிட்டிருக்கவில்லை. ஒரு சூப்பாவது குடித்துவிட்டுப் போகலாம் என்று வண்டியை நிறுத்தினார். வாசலில் வேறு வண்டியே இல்லை...

ஆனால் உள்ளே ஆட்கள் இருந்தார்கள். வெள்ளை விரிப்புப் போட்ட மேசைகள். ஒவ்வொன்றிலும் இருவர் இருவராக. யாரும் பேசவில்லை. கரண்டிச் சத்தம் மட்டும். களைப்பில் இருக்கிறார்கள் போல என்று நினைத்து, சுவரோரம் ஒரு காலி மேசையில் உட்கார்ந்தார். இரண்டு பேருக்குத் தட்டும் டம்ளரும் வைத்திருந்தது.

பரிமாறுகிறவர் வந்தார். உயரமான ஆள். முன்கையில் மடித்த துண்டு.

"தனியாத்தான் வந்திருக்கீங்களா சார்?"

கேட்டுக்கொண்டே எதிர்ப்பக்கத் தட்டை எடுக்கக் கை நீட்டினார். எல்லா ஹோட்டலிலும் செய்வதுதான். ஒருவர் வந்தால் மற்ற தட்டை எடுத்துவிடுவார்கள். ஆனால் அந்தத் தட்டு மேசையிலிருந்து கிளம்பியபோது இவர் சட்டென்று அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல இல்ல, இருக்கட்டும். வீட்டம்மாவும் வந்திருக்கா. கை கழுவப் போயிருக்கா."

பரிமாறுகிறவர் தட்டை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது.

"ரொம்ப நல்லது சார். அம்மா வரட்டும். மேசையில எல்லாரும் உட்கார்ந்தப்புறம்தான் இங்க சூப்பு கொண்டாருவோம். அதான் எங்க வழக்கம்."

அவர் சொல்லி முடிக்கவில்லை... கூடத்தின் கோடியில், மூடியிருந்த கதவுக்குப் பின்னால், யாரோ குழாயைத் திறந்தார்கள்.

"வேற யாராவது போயிருப்பாங்க" என்றான் எங்களில் ஒருவன், அவசரமாக.

"அவரும் அப்படித்தான் நெனைச்சாரு" என்றார் சித்தப்பா.

தண்ணீர் கொட்டியது. நிற்கவில்லை. லிஃப்ட் வேலை பார்ப்பவருக்கு மூடிய கதவுக்குப் பின்னால் கேட்கும் சத்தத்தைக் கவனிப்பதுதான் பிழைப்பு. குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, கையை அதில் நீட்டாமல் யாரோ சும்மா நிற்கிறார்கள் என்று பட்டது. தண்ணீர் நேராகப் பீங்கானில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு வாசனையும் வந்தது. நாள்பட்ட பூ ஜாடியைக் கவிழ்த்தால் வருமே, அந்த வாசனை.

அவள் குழாயை ஒருநாளும் இப்படித் திறக்க மாட்டாள், என்று நினைத்தார். நூல் மாதிரி விடுவாள். நான் வேகமாகத் திறந்தால் திட்டுவாள்...

நினைத்து முடிப்பதற்குள் சத்தம் குறைந்தது. குறைந்து, மெலிந்து... நூல் மாதிரி விழ ஆரம்பித்தது.

அவர் முதுகு சில்லிட்டுப் போயிற்று.

பார்வையைத் திருப்பினார். அப்போதுதான் பக்கத்து மேசையைச் சரியாகப் பார்த்தார். மஞ்சள் சால்வை போர்த்திய ஒரு பெண் தலை நிமிராமல் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தாள். எதிரே ஓர் ஆண். அவன் முன்னால் இருந்த சூப் அப்படியே ஆறி, ஏடு படிந்திருந்தது. அவன் இரண்டு கைகளையும் மேசை மேல் விரித்து வைத்திருந்தான். ஈரக் கைகள். விரல் நுனியிலிருந்து தண்ணீர் சுரந்துகொண்டே இருந்தது. விரிப்பு நனைந்து, ஓரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த மேசையிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும். ஒருவர் அவசர அவசரமாகச் சாப்பிடுகிறார்... எதிரே இருப்பவர் ஈரக் கையோடு பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"பேரைக் கேப்பாங்க" என்றாள் மஞ்சள் சால்வைக்காரி, உதடு அசையாமல். "சொல்லிடாதீங்கண்ணா. எங்க வீட்டுக்காரர்தான்னு நெனைச்சு நான் சொல்லிட்டேன்..."

எதிரே இருந்தவன் ஒரு கையைத் தூக்கி அவள் கை மேல் வைத்தான். அவள் பேச்சு நின்றது. மறுபடி கரண்டி ஓட ஆரம்பித்தது.

பரிமாறுகிறவர் வந்து நின்றார்.

"அம்மாவுக்கு நேரமாகுது போலிருக்கே சார். நான் போய்க் கூப்பிடட்டுமா? பேர் என்ன?"

இவர் எதிர்ப்பக்கத் தட்டைப் பார்த்தார்.

கதவுக்குப் பின்னால் குழாய் நின்றது. ஒரு கணம் எதுவும் இல்லை. பிறகு ஒரு குரல்.

"என்னங்க... துண்டு எடுத்துட்டு வர மறந்துட்டேன். கொஞ்சம் கொண்டாங்களேன்."

அவள் குரல்தான். அந்த 'என்னங்க'வில் இருக்கும் இழுப்பு, பாதிச் சிரிப்பு, எல்லாம் அப்படியே. அரை வருடமாகக் கேட்க ஏங்கிய குரல். அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். பெயர் தொண்டை வரை வந்துவிட்டது. கண்ணீரும் வந்துவிட்டது. இதுவரை அவருக்கு இருந்த பயம் வேறு. இப்போது தன்னைக் கண்டே பயந்தார். ஏனென்றால், சொல்லத்தான் அவருக்கு ஆசையாக இருந்தது.

"பேரை மட்டும் சொல்லுங்க சார்" என்றார் பரிமாறுகிறவர், காதருகே குனிந்து, அன்பாக. "மீதிய நாங்க பாத்துக்கறோம்."

கதவின் கைப்பிடி மெல்லக் கீழே இறங்கியது. பாதியில் நின்றது. காத்திருந்தது.

மகள் தூங்காமல் உட்கார்ந்திருப்பாள் என்ற ஒரே நினைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவர் ஓடினார். நாற்காலி விழுந்தது. யாரும் துரத்தவில்லை. ஒருவரும் தலை திருப்பவில்லை. வண்டியைக் கிளப்பும்போது பரிமாறுகிறவர் வாசலில் வந்து நின்றது தெரிந்தது. கோபமே இல்லாமல், "மேசை அப்படியே இருக்கும் சார்" என்றார்.

"காசு குடுக்காம ஓடி வந்துட்டு பேய் மேல பழியா?" என்றாள் அத்தை. யாரோ சிரிக்கப் பார்த்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. சித்தப்பா சிரிக்கவே இல்லை.

எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்பது அவருக்கே தெரியாது. மச்சினி கதவைத் திறந்தாள்.

"என்ன அத்தான், முகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு? சாப்பிட்டீங்களா?"

"பாப்பா?"

"தூங்கவே மாட்டேங்கறா. நான் மாடில துணி எடுத்துட்டு வந்தேன், அதுலேர்ந்து ஒரே குதியாட்டம். என்னன்னு கேட்டா அப்பாகிட்டதான் சொல்லுவாளாம்."

மகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். அவளை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அந்தச் சூட்டில்தான் அவருக்கு மூச்சே திரும்பி வந்தது. சொல்லவில்லை. நான் சொல்லவே இல்லை. இவள் பத்திரமாக இருக்கிறாள்...

"அப்பா, போன் வந்துச்சு. நான்தான் எடுத்தேன்."

"யாரும்மா?"

"ஒரு மாமா. உங்க அம்மா பேர் என்னன்னு கேட்டாரு. இனிஷியலோட முழுசா சொன்னேன். கெட்டிக்காரப் பொண்ணுன்னாரு."

மச்சினி ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்புறம் அம்மாகிட்ட போனைக் குடுத்தாருப்பா. அம்மா பேசினாங்க." குழந்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் காதோடு வாயை வைத்துச் சொன்னது: "அம்மாவுக்கு நம்ம வீடு மறந்தே போச்சுப்பா. எப்படி வரணும்னு கேட்டாங்க. பால் கடைகிட்ட திரும்பி, பச்சை கேட்டுன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்."