கதவைத் தட்டுவதற்கு முன்

இருமலைப் போல எளிதாக நடிக்கக்கூடிய நோய் வேறு இல்லை. வயிற்றுவலி என்றால்கூட முகத்தைக் கொஞ்சம் கோண வேண்டியிருக்கும். இருமலுக்குத் தொண்டை ஒன்று போதும். எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் காலையில் போன் செய்து லொக்கு லொக்கு என்று இருமுகிறவர்களில் பாதிப் பேருக்குப் போனை வைத்ததும் அது நின்றுவிடும். வருகை, லீவுக் கணக்கு பார்க்கும் டைம் ஆபீசில் அந்தப் போனை எடுக்கிறவன் நான்.

விதி ஒன்றும் கொடுமையானதில்லை. வேலை தொடங்குவதற்கு முன் சொல்லிவிட வேண்டும். உடம்புக்கு முடியவில்லை என்றால் டைம் ஆபீசிலிருந்து ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, உண்மைதான் என்று மேனேஜரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் சம்பளத்தோடு லீவு. எனக்கு முன்னால் இருந்தவர் நேராகப் போய்க் கதவைத் தட்டுவார். தட்டியதும் உள்ளே இருப்பவன் ஓடிப்போய்ப் போர்வைக்குள் புகுந்துகொள்வான். இவர் பாவப்பட்டு ஆரஞ்சுப்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டு வருவார்.

நான் தட்டுவதில்லை. கதவருகே நின்று கேட்பேன். யாரும் பார்க்காதபோது ஒருவனுக்கு நோய் இருந்தால் அதுதான் நோய். மூட்டு வலி என்று லீவு போட்ட ஒருவர் பாட்டுப் பாடியபடி வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். அதே நேரம், பேக்கிங் பிரிவில் எல்லோரும் கள்ளி என்று சொன்ன ஒரு பெண், தனியாக வலியில் அழுததைக் கேட்டு, மேனேஜரோடு மல்லுக்கட்டி லீவு வாங்கிக் கொடுத்ததும் நான்தான். இதையும் நீங்கள் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

நீங்கள் கேட்கிற பிட்டர் விஷயத்துக்கு வருகிறேன். இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் அவர் நல்ல வேலைக்காரர். வாய்தான் சும்மா இருக்காது. போன வருடம் காய்ச்சல் என்று படுத்திருந்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தபோது சட்டென்று கதவைத் திறந்துவிட்டார். சாய்ந்து நின்றவன் அப்படியே உள்ளே போய் விழுந்தேன். "கதவத் தொறந்தேன், ஒரு காது உள்ள வந்து விழுந்துச்சு" என்று கேன்டீனில் அவர் சொல்லாத நாளில்லை. அன்றிலிருந்து என் பெயர் ஒட்டுக்காது. புதிதாகச் சேர்ந்த பையன்கள்கூட அதுதான் என் பெயர் என்று நினைத்தார்கள். என் மனைவியின் காதுக்கும் எட்டிவிட்டது. அவமானமாக இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதை மனதில் வைத்துக்கொண்டு நான் எதுவும் செய்யவில்லை.

இந்த முறை அவர் போன் செய்தபோது குரலே சரியில்லை. நெஞ்சில் சளி, எழுந்து நிற்க முடியவில்லை என்றார். போனேன். மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. தனி ஆள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் பகலில் வேலைக்குப் போகிறவர்கள், மாடியே வெறிச்சென்று கிடந்தது. நின்று கேட்டேன். அது நடிப்பு இருமல் இல்லை. இருமி முடித்த பிறகு மூச்சை இழுக்கிற சத்தம் இருக்கிறதே, அதை யாராலும் நடிக்க முடியாது. திரும்பி வந்து, உண்மையான நோய், லீவு கொடுக்கலாம் என்றேன். வன்மம் இருந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேனா?

மறுநாளும் போனேன். மோசமாகத்தான் இருந்தது. லீவை நீட்டிக்கச் சொன்னேன். அன்று மத்தியானம் வெளியூரிலிருந்து அவருடைய தங்கை டைம் ஆபீசுக்குப் போன் செய்தாள்.

"அண்ணன் போனே எடுக்க மாட்டேங்குது சார். கூட யாரும் இல்ல. நான் கிளம்பி வரட்டுமா?"

"எதுக்கும்மா அலையுறீங்க? இப்பத்தான் நேர்ல போயிட்டு வந்தேன். நல்லா ஓய்வெடுக்கட்டும்."

உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்றாள். கைக்குழந்தையோடு பஸ்ஸில் வரவேண்டியவள். அவள் அலைச்சலை மிச்சப்படுத்தினேன். நான் போய்விட்டு வந்ததும் உண்மைதானே, அதில் ஒரு சொல் பொய் கிடையாது.

அதற்கு அடுத்த நாள் சத்தமே இல்லை. வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றேன். இருமல் இல்லை, முனகல் இல்லை. ஆழ்ந்த தூக்கம் என்று எடுத்துக்கொண்டேன். உடம்பு தேறிவிட்டது, நாளை முதல் வேலைக்கு வரலாம் என்று மேனேஜரிடம் சொன்னேன். மறுநாள் பிட்டர் வரவில்லை, போனும் செய்யவில்லை. சொல்லாமல் வேலைக்கு வராதவரை வீட்டுக்குள்ளே போய்ப் பார்த்தாக வேண்டும் என்பதும் விதி. அதனால்தான் கதவைத் தள்ளினேன். தாழ் போட்டிருக்கவில்லை. கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் தரையில் கிடந்தார், உடம்பு சில்லிட்டிருந்தது. உங்களுக்குத் தகவல் சொன்னதும் நான்தான்.

அவர் கூப்பிட்டாரா என்று மறுபடி மறுபடி கேட்கிறீர்கள். முதலில் இல்லை என்றேன். கூப்பிட்டார். இரண்டாம் நாள். கதவுக்கு அடியில் என் நிழலைப் பார்த்திருக்க வேண்டும்.

"யாரு, ஒட்டுக்காதா? உள்ள வாங்க... சும்மாதான் சாத்தியிருக்கு. என்னால எந்திரிக்க முடியல."

கேலியாகச் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் உள்ளே போனால் மறுபடி ஒட்டுக்கேட்டுக்கொண்டு நின்றேன் என்றாகிவிடும். குணமான பிறகு கேன்டீனில் அதற்கும் ஒரு கதை கட்டுவார். அதனால் காலை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். தண்ணீர் என்றார். இன்னொரு முறை தண்ணீர் என்றார். பிறகு, வெளியே யாரும் இல்லை என்று நினைத்துவிட்டார்போல, கூப்பிடவில்லை. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் மாடியிறங்கி வந்தேன். வந்ததும் முதல் வேலையாக மேனேஜரைப் பார்த்து, பிட்டருக்கு நிஜமாகவே முடியவில்லை, எத்தனை நாள் வேண்டுமானாலும் கொடுங்கள் என்று கேட்டேன். அவருக்காக அப்படிப் பரிந்து பேச அந்த ஆபீசில் வேறு யார் இருந்தார்கள்?