அண்ணனுக்கு ஒரு கேள்வி, தம்பிக்கு வேறு கேள்வி

அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்பது தப்பு என்று எனக்கும் தெரியும். அதனால் செஞ்சியில் பஸ் கிளம்பியதும் கண்ணைக் கோட்டைப் பக்கம் வைத்துவிட்டு, காதை மட்டும் பின்சீட்டுக்கு அனுப்பினேன். அங்கே இரண்டு கல்லூரிப் பெண்கள்.

“எங்க நைனாவும் சித்தப்பாவும் பேசிக்கிறதில்லடி. என் ஆன்லைன் சர்வேயாலதான்.”

“சர்வே இன்னா பண்ணுச்சு?”

“பாதிப் பேருக்கு ‘ரோடு போட உங்க நிலத்தை எடுத்தா இன்னா செய்வீங்க’ன்னு வரும். மீதிப் பேருக்கு ‘எடுக்காம விட்டுட்டா’ன்னு வரும். யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டரே குலுக்கிப் போட்டுடும். அப்பதான் ரெண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பாக்க ஈசி.”

“சரி.”

“நைனாவுக்கு எடுக்குறது வந்துச்சு, சித்தப்பாவுக்கு விடுறது. ரெண்டு பேரும் போனை மாத்திப் பார்த்துட்டாங்க. தம்பி தாலுகா ஆபீஸ்ல ஆளைப் பிடிச்சுத் தன் பாகத்தை மட்டும் காப்பாத்திக்கிட்டான்னு நைனா சொல்றாரு.”

“மேல ‘இது கற்பனை’ன்னு போடலையா நீ?”

“போட்டேன். அதையெல்லாம் யாருடி படிக்கிறா?”

நான் படித்ததில்லை. எது வந்தாலும் ‘சம்மதம்’ என்று அமுக்கிவிட்டுப் போகிற ஜாதி.

“இன்னிக்கு வீட்டுக்கு நடுவுல சுவர் வைக்கச் செங்கல் இறக்கிட்டாங்க.”

“வெறும் குலுக்கல்தான்னு நைனாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன். ‘கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கிட்டுக் குலுக்கினாக்கூட அவனுக்குத்தான் நல்லது விழுதா’ன்னு கேட்டுட்டு, கொத்தனாருக்குப் போன் போட்டாரு.”