மூச்சின் வாசல் பூட்டிக்கொண்ட காலை: மிஸ்ஸி சாரதா அவர்களுக்குத் தோட்டத்தார் வாசித்தளிக்கும் பணிநிறைவுப் பாராட்டு மடல்

மலையேறி வந்த மருத்துவமே, மழையிலும் பனியிலும் மூடாத கதவே, கடுஞ்சொல் சொன்னாலும் கை விடாத கருணையே, கோலா தெர்லாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கிளினிக்கில் இருபத்தெட்டு ஆண்டுகள் தாதியாகப் பணியாற்றி இன்று விடைபெறும் மிஸ்ஸி சாரதா அவர்களே, வணக்கம்.

தங்கள் குணங்களை வரிசையாகச் சொல்லலாம். சொன்னால் தாங்கள் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே ஒரு காலைப்பொழுதை மட்டும் சொல்கிறோம். அது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மகேனுடைய காலை.

கொழுந்து லாரி ஓட்டும் மகேன் தன் மனைவி ரூபினிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். டெஸ்ட் நாள் வந்தது. காலையிலிருந்தே ரூபினிக்குக் கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு. கியா பார்ம் வளைவில் ஸ்ட்ராபெரிக் கடைக்குள் காரை விட்டுவிடாதே என்று மகேன் கேலி செய்தான். அவள் சிரிக்கவில்லை.

பக்கத்து வீட்டு மணியம்மாவிடம் படபடப்புக்கு மாத்திரை உண்டு. டாக்டர் அவருக்கென்று எழுதித் தந்தது. நம் லயத்து வரிசை வீடுகளில் குழம்புக் கிண்ணம் வேலி தாண்டுவதுபோல மாத்திரையும் தாண்டும். கொடுத்தவரும் கணக்கு வைப்பதில்லை, வாங்கியவரும் வீட்டில் சொல்வதில்லை. ரூபினி அதை விழுங்கினாள். நடுக்கம் நின்றது. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா இழுப்பு உண்டு என்பதை இருவருமே நினைக்கவில்லை.

கிளம்பும் நேரத்தில் மூச்சு இறுகியது. கைப்பையில் இருந்த பஃப்பை, அந்த இழுப்பு மருந்துக் குப்பியை, வாயில் வைத்து இழுத்தாள். கேட்கவில்லை. மறுபடி இழுத்தாள். மகேன் அவளை லாரியில் ஏற்றித் தங்களிடம் கொண்டுவந்தான். முகமூடி வைத்து ஆவி மருந்து கொடுத்தீர்கள். எப்போதும் கேட்கும் மருந்து அன்று கேட்கவில்லை. அவளுடைய உதடு நிறம் மாறுவதை மகேன் பார்த்துக்கொண்டு நின்றான். அவனால் பார்க்கத்தான் முடிந்தது.

தாங்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். தங்கள் முகம் மாறியதை அவன் கண்டான். நாடி மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. பயந்த உடம்பில் பரிவு நரம்புகள் இதயத்தை விரட்டும், மூச்சுக்குழாயை விரிக்கும். பஃப் மருந்தும் அந்த நரம்புகளின் வேலையைத்தான் செய்யும். இவ்வளவு பயத்தில், இவ்வளவு மருந்துக்குப் பிறகு, நாடி வேகமாகத் துடித்திருக்க வேண்டும். அப்படித் துடிக்கவில்லை என்றால் ஏதோ ஒன்று அதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது.

வாசலில் கூடியிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தீர்கள். "யாரு இவளுக்கு மாத்திரை கொடுத்தீங்க? நான் திட்டமாட்டேன். இப்பவே சொல்லுங்க."

மணியம்மா கதவோரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். போலீஸ் வந்துவிடும் என்று பயந்ததாகப் பின்னால் சொன்னார். அப்போது சொன்னது இவ்வளவுதான்: "நான்தான் மிஸ்ஸி. பாதி கேட்டா. முழுசா கொடுத்துட்டேன்."

மகேன் அவரை நோக்கிப் பாய்ந்தான். தாங்கள் திரும்பாமலே சொன்னீர்கள்: "சண்டைக்கு நேரமில்ல லா. நெஞ்சுக்கும் மூச்சுக்கும் ஒரே மாதிரி பூட்டு. மாத்திரை ரெண்டு வாசலையும் பூட்டிடுச்சு. பஃப் வெளியில நின்னு தட்டிக்கிட்டிருக்கு. நான் வேற வாசல் வழியா போறேன். நீ கிளினிக் வேன எடு."

வேறு நரம்பின் வழியே மூச்சுக்குழாயைத் தளர்த்தும் மருந்தை முகமூடியில் சேர்த்தீர்கள். ஆக்சிஜனோடு அவளை வேனில் படுக்கவைத்தீர்கள். பள்ளி விடுமுறைக் காலம். கியா பார்மிலிருந்தே சுற்றுலாக் கார்கள் நகராமல் நின்றன. தானா ராத்தா ஆஸ்பத்திரி அந்த வரிசைக்கு அப்பால் இருந்தது. மகேனின் கை ஹாரனை விடவில்லை. அவனால் பின்னால் திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை. கேட்க மட்டும் முடிந்தது.

"மிஸ்ஸி, இருக்காளா?"

"ரோட்டப் பாரு. இருக்கா."

ஒவ்வொரு வளைவிலும் கேட்டான். ஒவ்வொரு வளைவிலும் பதில் வந்தது. பிரிஞ்சாங் தாண்டிய பிறகு, அதே கேள்விக்கு, பதில் ரூபினியிடமிருந்தே வந்தது. இரைப்புக்கு நடுவே ஒரே சொல். அவன் வேனை ஓரம் கட்டி அழப் பார்த்தான். தாங்கள் அதற்கும் விடவில்லை.

மணியம்மாவைத் தாங்கள் கடைசிவரை திட்டவில்லை. அடுத்த வாரம் அவரையே அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனீர்கள். பூட்டுக் கதையை அவரே சொன்னார். இப்போது யாராவது மாத்திரை கேட்டால் மணியம்மா குழம்பு மட்டும் தருகிறார்.

அந்த வேனில் போன எல்லாரும் திரும்பி வந்துவிடவில்லை. எங்களில் ஒருவன் அதே கேள்வியைக் கேட்டபோது தாங்கள் பொய் சொல்லவில்லை. அவன் கையை விடவும் இல்லை. அதற்கும் இங்கே நன்றி சொல்கிறோம்.

மிஸ்ஸி, எங்களுக்குப் பயமாக இருக்கிறது. இதை மடலில் எழுதலாமா என்று யோசித்தோம், எழுதிவிட்டோம். நாளை அந்த நாற்காலியில் யார் என்று தோட்ட மானேஜர் துரையிடம் கேட்டோம். பார்க்கலாம் என்றார். அடுத்த இழுப்பு அவர் பார்க்கும்வரை காத்திருக்குமா, தெரியவில்லை. ஒரு நாடியைப் பிடித்து, அது ஓட வேண்டிய வேகத்தையும் நினைத்துப் பார்க்கும் கை இனி எப்போது வரும், அதுவும் தெரியவில்லை. தாங்கள் சொல்லிக்கொடுத்ததில் ஒன்று மட்டும் லயம் முழுக்கத் தெரியும்: என்ன விழுங்கினோம் என்பதை முதலில் சொல்வது.

ரூபினி இரண்டாம் முறை மாத்திரை இல்லாமல், கை நடுங்க நடுங்க ஓட்டி டெஸ்ட்டில் தேறினாள். இன்று தங்களைத் தானா ராத்தா வீட்டில் கொண்டுபோய் விடப்போவது அவள்தான். பயமில்லாமல் ஏறுங்கள். பயம் வந்தாலும் ஏறுங்கள். நாடி கொஞ்சம் ஓடட்டும். மகேன் முன்னால் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொள்வான். ஒவ்வொரு வளைவிலும் திரும்பாமல் கேட்பான்: "மிஸ்ஸி, இருக்கீங்களா?"

இன்றும் சரி, இனி எங்கள் பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும் தொலைபேசியில் கேட்கும் நாள்களிலும் சரி, "இருக்கேன்" என்ற பதில் எங்களுக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். அதுவே எங்கள் வேண்டுதல், அதுவே எங்கள் வாழ்த்து.

இங்ஙனம்,
தங்கள் கை பிடித்து மூச்சுவிட்ட
தோட்டத்துத் தொழிலாளர்களும் அலுவலக ஊழியர்களும்