மீனுக்கு விட்ட வழி

நல்லம்பள்ளி போகும் பஸ்ஸில், தவிட்டு மூட்டையோடு ஒருவர். பக்கத்தில் சென்னையிலிருந்து வந்த மச்சான்.

“கடல் சூடாவுதுங்க மாமா. மீனெல்லாம் எடம் மாறுமாம். அது போற வழியில கப்பலு, கட்டடம் எதுவும் குறுக்க வராம இப்பவே பிளான் போடறாங்க.”

“அடேங்கப்பா! மீனு மனு குடுத்துச்சா?”

“அது எங்கங்க குடுக்கும்?”

“நாங்க குடுத்தோம். ஹைவே போட்டப்ப, வூட்டுக்கும் நெலத்துக்கும் நடுவுல ஒரு சந்து விடுங்கன்னு. பிளான்ல இல்லைன்னுட்டாங்க. போன மாசம் எருமை லாரியில அடிபட்டுப் போச்சு. அதுவும் நல்லாத்தான் நீந்தும். என்ன, செதில் இல்ல.”

அதியமான்கோட்டையில் இறங்கி, மூட்டையைத் தலையில் வைத்து, பாய்ந்து வரும் லாரிகள் ஓயக் காத்து நின்றார்.

மச்சான் ஜன்னலில் எட்டிக் கத்தினார்: “பாத்துத் தாண்டுங்க மாமா, நீங்க மீனு இல்ல!”