மீன்கூடைக்குள் ஸ்கேட்டிங் ஷூ

தரங்கம்பாடியில் ஏறி எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்த இரண்டு பெண்களும் காரைக்கால்மேட்டு மீன்காரர்கள். பெரியவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அவள் மடியில் சாக்கு மூடிய கூடை.

கண்டக்டர் வந்தார். “மீன்கூடைன்னா பின்னால போயிடும்மா.”

“மீன் இல்லைங்க. நான் விழுந்து எந்திரிக்கிற சாமான்.”

சாக்கை விலக்கிக் காட்டினாள். ஒரே வரிசையில் நான்கு நான்கு சக்கரம் வைத்த ஸ்கேட்டிங் ஷூ. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

இளையவள் குரலைத் தாழ்த்தினாள். “மக ஷூவ மாட்டிக்கிட்டு கோட்டை முன்னால ஓடுறீங்களே அண்ணி. அண்ணனுக்குத் தெரிஞ்சா?”

“தெரியக் கூடாதுன்னுதானே இவ்ளோ தூரம் வந்து பழகுனேன். நாலு வாரம் விழுந்தேன். இன்னைக்கு கோட்டை மதிலு ஓரம் பூரா ஓடி வந்தேன், விழுந்தனா?”

“விழல. ஆனா ஊர்ல சிரிப்பாங்க.”

“ஏலத்துல எடுத்த மீனத் தலையில வச்சுக்கிட்டு, பஸ்ஸப் புடிக்க இருபது வருஷமா மணல்ல ஓடுறேன். அப்ப எவரும் சிரிக்கல. எனக்குன்னு கொஞ்சம் ஓடுனா சிரிப்பு வந்துடுமாக்கும்.”

இளையவள் சாக்கை இழுத்து ஷூவை மூடினாள். “அடுத்த ஞாயித்துக்கிழமையும் இங்கதானா?”

“இங்க என்னத்துக்கு? நம்ம காரைக்கால் பீச் ரோட்டுல. சாயங்காலம், எல்லாரும் காத்து வாங்க வர்ற நேரத்துல.”

காரைக்காலில் இறங்கும்போது வெறுங்கூடை இளையவள் இடுப்பில் இருந்தது. ஷூ இரண்டும் நாடாவால் ஒன்றாக முடியப்பட்டுப் பெரியவளின் தோளில், பஸ் ஸ்டாண்டே பார்க்கத் தொங்கின.