அண்ணன் எழுதித் தந்த ராஜினாமா

ஹலோ... ஜெயலீலா அக்காவா? கிருபைராஜ் பேசுறேங்க்கா... ஆமா, ஆமா, இங்க ஸான் ஹோசேல எங்க வீட்டுலேர்ந்துதான்... யூனிஸ் நல்லா இருக்கா. குட்டிக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு... அக்கா, அண்ணன்கிட்ட குடுங்களேன், கொஞ்சம் அவசரம்.

ஜீவரத்தினம் அண்ணே! ஸ்தோத்திரம்ண்ணே... இல்ல, வேலை இன்னும் கிடைக்கல. சிப் கம்பெனி எல்லாத்துலயும் ஆளைக் குறைக்கிறான், எவன் எடுப்பான்?... அதில்லண்ணே, அன்எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்லேர்ந்து லெட்டர் வந்திருக்கு. வேலை போனவனுக்குக் குடுக்கிற பணம் எனக்குக் கிடையாதுன்னுட்டான்.

ஆமா... ஆமாண்ணே, காலையிலயே நேர்ல போயிட்டேன். ரெண்டு மணி நேரம் க்யூ. கவுண்டர்ல இருந்த அம்மா பொறுமையாத்தான் சொல்லுச்சு. வேலை பார்த்த காலம் போதும், கிரீன் கார்டு இருக்கு, வாராவாரம் வேலை தேடுறேன், எல்லாம் சரி. கம்பெனி நிப்பாட்டியிருந்தா இருபத்தாறு வாரம் வரைக்கும் கிடைக்குமாம். தானா விட்டவனுக்குக் கிடையாதாம்... அதான்! நான் எங்கண்ணே தானா விட்டேன்?

நீங்கதானே உங்க வீட்டு டைனிங் டேபிள்ல உக்கார வச்சுச் சொன்னீங்க? அடுத்த வாரம் லிஸ்ட்ல உன் பேர் இருக்கு, லே ஆஃப்னு கம்பெனியே வீட்டுக்கு அனுப்பினா சர்ச்ல நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க, பாளையங்கோட்டையில உங்கப்பா தலை காட்ட முடியாது, நீயே ராஜினாமா குடுத்துடு, மரியாதைன்னு... எனக்கும் அப்ப சரின்னுதான் பட்டுச்சு. வெக்கம்ண்ணே. ஒத்துக்கறேன்.

இல்லண்ணே, முடிஞ்சு போகல. அப்பீல் இருக்கு. இருபது நாளைக்குள்ள போடணும். வேலை எப்படியும் போயிருக்கும்னு தெரிஞ்சவங்க ஒருத்தர் வந்து சொல்லணுமாம். நீங்கதானே என் மேனேஜர், ஒரே ஒரு வார்த்தை...

ஏண்ணே?... சரி, நேர்ல வேணாம். ஒரு லெட்டராவது?... அதுவும் முடியாதா?

அப்ப ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. 'இருக்கச் சொன்னோம், சொந்தக் காரணம்னு அவரே போயிட்டார்'னு கம்பெனிலேர்ந்து பதில் போயிருக்கே, அதை யாரு எழுதினது?... பர்சனல் டிபார்ட்மென்டா? நிச்சயமா?... அண்ணே, அந்த அம்மா காயிதத்தை என் பக்கம் திருப்பிக் காட்டிடுச்சு. கீழ உங்க கையெழுத்து.

ஹலோ?... கேக்குது, சொல்லுங்க... ம்... ம்... ஓஹோ. உங்க செக்ஷன்ல ஒரு லே ஆஃப்கூட இல்லன்னு மேல காட்டணும். அதுக்கு நான்தான் கிடைச்சேனா? அடப்பாவி! எண்பத்திரெண்டுல நான் அமெரிக்கா வந்து இறங்கினப்ப ஏர்போர்ட்டுக்கு வந்து என் பெட்டியைத் தூக்கினீங்களே! ஞாயித்துக்கிழமை என் வேலைக்காக முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினீங்களே, ரெண்டு வாரம்கூட ஆகல!

கத்தல. நான் கத்தல... என்னது? யூனிஸையும் குட்டியையும் ஊருக்கு அனுப்பிடவா? நல்லா இருக்குய்யா. இதுக்கும் ஒரு டேபிள் போட்டு உக்கார வைப்பீங்களா?

யாரு நம்புவாங்கன்னா கேக்கறீங்க?... சரி சார்... ஆமா, சார்தான். இனிமே அண்ணன் கிடையாது. அன்னிக்கு, நீ எழுதினா எதையாவது உளறுவேன்னு நீங்களே பேனா எடுத்தீங்க. ராஜினாமா முழுசும் உங்க கைப்பட. மேல தமிழ்ல, 'கிருபை, இதை அப்படியே டைப் அடிச்சுக் குடு, வெள்ளிக்கிழமை லே ஆஃப் லிஸ்ட் வர்றதுக்குள்ள'ன்னு. ஞாபகம் இருக்கா?

கிழிச்சுப் போட்டிருப்பேன்னு நினைச்சீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். இன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தா பிரிட்ஜ்ல ஒட்டியிருக்கு. பின்பக்கம் அன்னிக்கே ஜெயலீலா அக்கா யூனிஸுக்காக மீன் குழம்புக்கு அளவு எழுதிக் குடுத்திருக்காங்க. அதைப் பார்த்துத்தான் யூனிஸ் ஒரு மாசமா குழம்பு வைக்கிறா.

என்னது, இப்பவா? இப்ப கிளம்பி வர்றீங்களா, எதுக்கு?... சேர்ந்து ஜெபம் பண்ணவா? வேணாம் சார். வந்தா கதவைத் திறக்க மாட்டேன்... அக்காகிட்ட ஏன் குடுக்கறீங்க... அக்கா, நீங்க அழாதீங்க. உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்... ஹலோ? அக்கா? ஹலோ?

வச்சுட்டாரு. பிடுங்கி வச்சுட்டாரு. யூனிஸ்... யூனிஸ், அந்தக் குழம்புக் காயிதத்தை எடு. மெதுவா. கிழியாம எடு.